டெல்லியில் ஆடாதோடை வளர்ப்பு: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மயூர் விஹாரில் எங்களுடையது தரைத்தளத்து வீடு. பின்பக்கம் மதிலுக்கும் வீட்டுக்கும் நடுவே மூன்றடி அகலத்துக்கு மண் உண்டு. அந்த மதிலை ஒட்டிப் பதினோரு வருஷமாக ஓர் ஆடாதோடை நிற்கிறது. வருஷா வருஷம் மார்ச் கடைசியில் அதை வெட்டும்போது அக்கம்பக்கத்துத் தமிழ்க் குடும்பங்கள் குச்சி வாங்கிப் போவார்கள். பதினைந்து நாள் கழித்து போன் வர ஆரம்பிக்கும்: "அக்கா, இலையெல்லாம் உதிர்ந்துவிட்டதே?" நவம்பரில் புகைமூட்டம் இறங்கியதும் இன்னொரு சுற்று: "அக்கா, இருமல் கஷாயத்துக்கு எத்தனை இலை போட வேண்டும்?" சரி, எழுதியே வைத்துவிடலாம் என்று உட்கார்ந்தேன்.

ஊரிலிருந்து கன்று கொண்டுவந்தால்தான் நல்லதா?

வேண்டவே வேண்டாம். நான் அப்படித்தான் செய்தேன். மாயவரத்தில் அம்மா வீட்டு வேலியிலிருந்து ஒரு கன்றை வேரோடு பிடுங்கி, ஈரச் சாக்கில் சுற்றி, தமிழ்நாடு எக்ஸ்பிரஸில் இரண்டு ராத்திரி சீட்டுக்கு அடியில் வைத்துக் கொண்டுவந்தேன். நாக்பூர் வருவதற்குள் சாக்கு காய்ந்துபோய், குடிக்க வைத்திருந்த தண்ணீரில் பாதியை அதற்கு ஊற்றினேன். வீட்டுக்கு வந்து நட்டுக்கொண்டிருந்தபோது தோட்ட வேலை செய்கிற மாலி எட்டிப் பார்த்தார். "இது அடூசா ஆச்சே, இதையா மதராஸிலிருந்து தூக்கிக்கொண்டு வந்தீர்கள்? ரிட்ஜ் முழுக்க இதுதானே" என்றார். நான் நம்பவில்லை. அடுத்த பிப்ரவரியில் மெஹ்ரோலி பக்கம் சஞ்சய் வனத்தில் நடக்கப் போனபோது நம்ப வேண்டியதாயிற்று. சீமைக்கருவேல மரங்களுக்கு அடியில், நடைபாதையின் இரண்டு பக்கமும், இடுப்பளவு உயரத்துக்கு ஆடாதோடை. எல்லாம் பூத்து நின்றது.

ரிட்ஜ் என்பது ஆரவல்லிக் குன்றுகளின் வடக்கு வால். அந்தப் பாறை மண், மே மாத அனல்காற்று, ஜனவரிக் குளிர் எல்லாம் இந்தச் செடிக்குப் பிறந்த வீட்டுச் சமாசாரம். அதனால் இங்கேயே வாங்குங்கள். நர்சரியில் ஆடாதோடை என்று கேட்டால் விழிப்பார்கள். அடூசா, பான்ஸா, வாசா மூன்றில் ஏதாவது ஒன்று புரியும். டெல்லி அரசு வனத்துறை நர்சரிகளில் மூலிகைக் கன்றுகளை இலவசமாகவே கொடுப்பதுண்டு. மழைக்காலத்தில் போய்க் கேளுங்கள். ரிட்ஜிலிருந்து ஒடித்துக்கொண்டு மட்டும் வராதீர்கள். அது காப்புக் காடு.

அடூசா என்று ஏதோ கொடுத்தார்கள். சரியான செடிதானா என்று எப்படிப் பார்ப்பது?

இலைகள் எதிரெதிராக, ஜோடி ஜோடியாக இருக்கும். முற்றிய இலை மாவிலையைப் போல நீளம், ஆனால் மாவிலையின் விறைப்பும் பளபளப்பும் இருக்காது. இரண்டு முனையும் கூரும். கசக்கி முகர்ந்தால் பச்சைத் தேயிலை கெட்டுப்போன மாதிரி ஒரு வாடை வரும். நுனியில் துளி கிள்ளி நாக்கில் வைத்தால் கசப்பு போக அரை மணி நேரம் ஆகும். ஆடுகூடத் தொடாத இலை என்பதால் ஆடுதொடா இலை, அதுவே ஆடாதோடை என்று பேரானதாகச் சொல்வார்கள்.

பூத்துவிட்டால் சந்தேகமே வராது. கிளை நுனியில் பச்சைக் கதிர் ஒன்று எழும்பும். செதில் செதிலாக அடுக்கிய சிற்றிலைகள்; ஒவ்வொரு செதிலின் இடுக்கிலிருந்தும் ஒரு வெள்ளைப் பூ வாயைத் திறந்துகொண்டு வெளியே வரும். மேலுதடு குடை மாதிரி வளைந்திருக்கும். கீழுதடு மூன்று மடலாகப் பிரிந்து, அதில் கத்தரிப்பூ நிறத்தில் கோடுகள் தொண்டைக்குள் ஓடும். சிங்கம் கொட்டாவி விடுகிற மாதிரி இருக்கும் என்று தோன்றியது. பிறகுதான் தெரிந்தது, சமஸ்கிருதத்தில் இதற்குச் சிம்ஹாஸ்யம் என்றே ஒரு பேர் உண்டாம், சிங்க வாய். ஒரு நாள் காலையில் பத்து நிமிஷம் பக்கத்தில் நின்று பாருங்கள். தேனீ கீழுதட்டில் வந்து உட்காரும், கோட்டைப் பிடித்துக்கொண்டு உள்ளே தலையை நீட்டும். அந்த நேரத்தில் மேலுதட்டுக்கு அடியில் இருக்கும் இரண்டு மகரந்தத் தாள்களும் அதன் முதுகில் பொடியைத் தடவிவிடும். அடுத்த பூவுக்கு முதுகில் மஞ்சளோடு போகும்.

தாவரவியல் பேர் ஜஸ்டீசியா ஆடாதோடா. லின்னேயஸ் 1753-இல் வைத்தது. பூங்காப் பலகைகளில் எங்காவது பார்த்தால் நின்று படியுங்கள்; நம் வேலியோரச் சொல்தான் லத்தீன் வேஷம் கட்டி உட்கார்ந்திருக்கிறது.

சிற்றாடாதோடை வைக்கலாமா?

அது வேறு இனம். இலையும் செடியும் சிறியவை. கேரள வைத்தியத்தில் அதற்குத்தான் மதிப்பு அதிகம். தெற்கு மேற்குத்தொடர்ச்சி மலையின் ஈரத்தில் வளர்கிற செடி அது. ஆசைப்பட்டால் வையுங்கள், நான் வைக்க மாட்டேன்.

குச்சியை எப்போது நடுவது? எப்படி?

இரண்டு பருவம் உண்டு. ஒன்று பிப்ரவரி கடைசியிலிருந்து மார்ச் முடிய. இன்னொன்று ஜூலை, நல்ல மழை இரண்டு பெய்த பிறகு. என்னைக் கேட்டால் ஜூலைதான். மார்ச்சில் நட்ட குச்சி ஒரு மாதத்தில் வேர் பிடிக்கும், ஆனால் வேர் பிடித்த கையோடு மே மாதம் லூ என்கிற அனல்காற்று வந்து அடிக்கும். பிழைக்க வேண்டுமானால் வடக்கு அல்லது கிழக்குச் சுவரோரம், மதியத்துக்கு மேல் வெயில் படாத இடம் பார்த்து வைக்க வேண்டும்.

குச்சி பென்சில் பருமன், ஒரு சாண் நீளம், மூன்று நான்கு கணு. பச்சையாக வளையும் நுனி வேண்டாம், அழுகும். அடியில் பட்டை வெளுத்துக் கெட்டியாகிப் போனதும் வேண்டாம், சுணங்கும். நடுத்தரமாக, பச்சையும் பழுப்பும் கலந்த பாகம்தான் சரி. கீழ் இலைகளைக் கிள்ளிவிட்டு, மேலே ஒரு ஜோடியை மட்டும் பாதியாக நறுக்கி விட்டுவையுங்கள். இரண்டு கணு மண்ணுக்குள் போகட்டும். தலைகீழாக நட்டுவிட்டு வேர் வரவில்லை என்று சொன்னவர்களும் உண்டு; வெட்டும்போதே அடியைச் சாய்வாகவும் நுனியை நேராகவும் வெட்டிவிட்டால் குழப்பமில்லை.

முதல் பத்துப் பதினைந்து நாளில் விட்டுவைத்த இலையும் உதிரும். அதற்காகத்தான் அந்த போன் எல்லாம். பதறாதீர்கள், பிடுங்கி வேர் வந்ததா என்று பார்க்காதீர்கள். கணுவில் பச்சையாக ஒரு மொட்டு கிளம்புகிறதா என்பதை மட்டும் கவனியுங்கள். மூன்றிலிருந்து ஐந்து வாரத்துக்குள் தெரிந்துவிடும். குச்சி கறுத்துச் சுருங்கினால்தான் போயிற்று என்று அர்த்தம். ஐந்து குச்சி நட்டால் மூன்று வரும் என்று கணக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

நாங்கள் நான்காவது மாடி. பால்கனித் தொட்டியில் வருமா?

வரும். மண்ணில் ஆள் உயரம் தாண்டுகிற செடி, தொட்டியில் இடுப்பளவோடு நிற்கும், அவ்வளவுதான். பதினாலு அங்குலத்துக்குக் குறையாத தொட்டி, முடிந்தால் மண் தொட்டி. சாதாரணத் தோட்ட மண் இரண்டு பங்கு, மட்கிய சாணி எரு ஒரு பங்கு, மணல் ஒரு பங்கு. இங்கே கட்டட வேலைக்குப் பயன்படுத்துகிற பதர்பூர் என்ற செம்மணல் இருக்கிறதே, அந்தச் சொரசொரப்பு இதற்கு நன்றாகவே ஒத்துப்போகிறது. பக்கத்தில் யாராவது வீடு கட்டினால் ஒரு வாளி கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். எருவை ஜாஸ்தி போட்டால் இலை பெரிதாகும், கசப்பும் வாடையும் குறைந்த மாதிரி எனக்குத் தோன்றும். கொஞ்சம் பட்டினி கிடந்த செடியின் இலைதான் எனக்குத் திருப்தி.

டெல்லி வீடுகளில் ஆர்.ஓ. மெஷினிலிருந்து வெளியேறும் தண்ணீரை வீணாக்க மனமில்லாமல் எல்லோரும் செடிக்கு ஊற்றுகிறோம். குழாய்த் தண்ணீரின் உப்பெல்லாம் அந்த மிச்சத் தண்ணீரில்தான் சேர்ந்திருக்கும். மண்ணில் இருக்கும் செடிக்கு மழை வந்து கழுவிவிடும். தொட்டியில் அது நடக்காது. இரண்டே மாதத்தில் தொட்டி விளிம்பில் வெள்ளையாகப் பூத்து, இலை ஓரம் கருகும். தொட்டிக்கு நல்ல தண்ணீர், மிச்சத் தண்ணீர் தரை துடைக்க.

எவ்வளவு தண்ணீர்?

நீங்கள் நினைப்பதைவிடக் குறைவு. இந்தச் செடியை யாரும் வெயிலில் கொன்றதாக நான் கேள்விப்படவில்லை. தண்ணீர் ஊற்றிக் கொன்றவர்கள் எனக்குத் தெரிந்தே நான்கு பேர்.

கோடையில் தொட்டிக்குத் தினம் ஒரு முறை, காலையில். மண்ணில் வேர் பிடித்த செடிக்கு வாரம் இரண்டு முறை தாராளம். வெளியே 44, 45 டிகிரி அடிக்கும்போது மத்தியானம் இலை தொங்கும். உடனே வாளியைத் தூக்காதீர்கள். சூரியன் இறங்கிய பிறகு போய்ப் பாருங்கள், தானாக நிமிர்ந்திருக்கும். அப்போதும் தொங்கினால்தான் தாகம்.

ஜூலையிலிருந்து செப்டம்பர் வரை வானம் பார்த்துக்கொள்ளும். தொட்டியின் அடித்தட்டை மட்டும் எடுத்துவிடுங்கள், தண்ணீர் தேங்கக் கூடாது. டிசம்பர், ஜனவரியில் ஊருக்குப் போய்விட்டுப் பத்து நாள் கழித்து வந்தாலும் ஒன்றும் ஆகாது. பனிமூட்டத்தில் மண் காயவே காயாது. அப்போது தினமும் ஊற்றுகிறவர்களுக்குத்தான் வேர் அழுகும். விரலை மண்ணில் இரண்டு கணு விட்டுப் பாருங்கள், ஈரம் தட்டினால் விட்டுவிடுங்கள்.

எங்கள் செடி செழிப்பாக இருக்கிறது, பூக்கவே இல்லை. ஏன்?

யார் வெட்டுகிறார்கள், எப்போது வெட்டுகிறார்கள்? பெரும்பாலும் பதில் அங்கேதான். டெல்லியில் இதன் பூ பிப்ரவரி, மார்ச்சில் உச்சம். குளிர்காலத்திலேயே நுனிகளில் அதற்கான ஏற்பாடு நடந்துகொண்டிருக்கும். ஒரு வருஷம் நாங்கள் ஊருக்குப் போயிருந்த சமயம், புதிதாக வந்த மாலி டிசம்பரில் வேலியைச் சமமாகக் கத்தரிக்கிற கையோடு இதையும் பெட்டி மாதிரி வெட்டிவிட்டார். வெட்டின இடத்திலிருந்து இளந்துளிர் வந்தது, ஜனவரிக் குளிர் அதைக் கருக்கியது, அந்த வருஷம் கைவிரலில் எண்ணும் அளவுக்குத்தான் கதிர். அவரைக் குறை சொல்லி என்ன, சொல்லாமல் போனது நான்.

பூ முடிந்து கதிர் காயும்போது, மார்ச் கடைசி அல்லது ஏப்ரல் முதல் வாரம், தைரியமாக வெட்டுங்கள். தரையிலிருந்து முழங்கால் உயரம் விட்டுவிட்டு மேலே எல்லாவற்றையும் எடுக்கலாம். பார்க்கப் பாவமாக இருக்கும். மழைக்குப் பிறகு அடியிலிருந்து ஏழெட்டுக் கிளை புறப்படும். வெட்டாமல் விட்டால் அடி மொட்டையாகி, உச்சியில் மட்டும் இலை நிற்கும். ஆகஸ்டுக்குப் பிறகு கத்தரியைத் தொடாதீர்கள்.

பூக்காததற்கு இன்னொரு காரணம் நிழல். இலைக்கு அரைநிழல் போதும். பூவுக்குக் குளிர்கால வெயில் நான்கைந்து மணி நேரமாவது வேண்டும்.

பூச்சி, குரங்கு?

பூச்சி அவ்வளவாக வராது. இதன் இலைக்கே பூச்சியை விரட்டும் குணம் உண்டு. பழங்களைச் சேமிக்கும்போது நடுவில் இந்த இலையை அடுக்கும் பழக்கம் அதனால்தான் வந்தது. தொட்டிச் செடியில், காற்றோட்டம் இல்லாத மூலையில், மாவுப்பூச்சி கணுவில் பஞ்சு மாதிரி ஒட்டும். வேகமாகத் தண்ணீர் பீய்ச்சுங்கள். போகாவிட்டால் ஒரு லிட்டர் தண்ணீருக்கு ஒரு டீஸ்பூன் வேப்பெண்ணெய், கரைய இரண்டு சொட்டு சோப்புத் தண்ணீர், சாயங்காலத்தில் தெளியுங்கள். தெளித்தால் ஒரு வாரம் அந்த இலையைப் பறிக்காதீர்கள்.

குரங்கு எங்கள் மிளகாய்ச் செடியை வேரோடு பிடுங்கிப் போட்டிருக்கிறது. ஆடாதோடையில் ஒரு இலையைக் கடித்தது, மூஞ்சியைச் சுளித்தது, போயே போய்விட்டது.

மருந்துக்கு இலையை எப்போது பறிப்பது?

முற்றிய, கரும்பச்சை இலை. தளிரும் வேண்டாம், மஞ்சளும் வேண்டாம். செடிக்கு ஒரு வயதாவது ஆகட்டும். நான் பறித்துக் காயவைப்பது பிப்ரவரியில், பூ வரும் நேரத்தில்.

இந்த ஊரில் முக்கியமானது கழுவுவது. அக்டோபர் கடைசியிலிருந்து ஒவ்வொரு இலையின் மேலும் சாம்பல் நிறத்தில் ஒரு படலம் இருக்கும். விரலால் கோடு போடலாம். இலையின் மேல்புறம் போலவே அடிப்புறத்தையும் ஓடுகிற தண்ணீரில் விரலால் தேய்த்துக் கழுவுங்கள், மூன்று முறை. மெயின் ரோட்டை ஒட்டின செடியின் இலையை நான் அடுப்பில் ஏற்ற மாட்டேன், அது பூவுக்கு மட்டும். கழுவிய இலையை நிழலில், துணியில் பரப்பி உலர்த்தி, நொறுங்கும் பதம் வந்ததும் டப்பாவில் போட்டால் ஒரு வருஷம் இருக்கும்.

கஷாயம் எப்படிப் போடுவது?

எங்கள் வீட்டு முறையைச் சொல்கிறேன். இரண்டு பேருக்கு மூன்று இலை, நடு நரம்பைக் கிழித்து எடுத்துவிட்டு. ஐந்து மிளகு, ஒரு சிறு துண்டு அதிமதுரம். இரண்டு டம்ளர் தண்ணீர் அரை டம்ளராகச் சுண்ட வேண்டும், சின்னத் தீயில். வடிகட்டி, கை பொறுக்கும் சூட்டில் தேன் கலந்து, ஆளுக்குக் கால் டம்ளர். இரண்டு வேளை, மூன்று நாள். அதோடு நிறுத்திவிடுவோம். அதிமதுரத்துக்கு இங்கே முலேட்டி என்று பேர், பழைய டெல்லி காரி பாவ்லியில் மூட்டை மூட்டையாகக் கிடைக்கும். ரத்த அழுத்தம் உள்ளவர்கள் அதிமதுரத்தை விட்டுவிடுங்கள்.

கசப்பைப் பற்றிக் குறை சொல்லாதீர்கள், வேறு வழியில்லை. குடித்ததும் தண்ணீர் குடிக்காமல் ஒரு துண்டு வெல்லம் வாயில் போடுங்கள். "ஆடாதோடைக்குப் பாடாத நாவும் பாடும்" என்பார்கள் ஊரில். இருமல் எனக்கு நின்றிருக்கிறது, பாட்டு இன்னும் வரவில்லை.

யாரெல்லாம் சாப்பிடக் கூடாது?

கர்ப்பிணிகள் கூடவே கூடாது. இந்த இலையில் உள்ள வாசிசின் என்ற ஆல்கலாய்டுக்குக் கருப்பையைச் சுருங்க வைக்கும் தன்மை உண்டு. குழந்தை வேண்டுமென்று காத்திருப்பவர்களும் தவிர்ப்பது நல்லது. கைக்குழந்தைக்குக் கொடுக்காதீர்கள், ஒரு வயதுக்குள் தேனும் கூடாது. அளவு மீறினால் யாருக்கும் வாந்தி, வயிற்றுப்போக்கு வரும். ஏற்கெனவே மாத்திரை சாப்பிடுகிறவர்கள் டாக்டரிடமோ சித்த வைத்தியரிடமோ சொல்லிவிட்டுத் தொடங்குங்கள்.

இன்னொன்று, இதைச் சொல்லாமல் யாருக்கும் நான் குச்சி கொடுப்பதில்லை. இருமல் இரண்டு வாரத்துக்கு மேல் நீடித்தால் கஷாயத்தைத் தூக்கி ஓரமாக வைத்துவிட்டுச் சளிப் பரிசோதனைக்குப் போங்கள். அரசு ஆஸ்பத்திரியில் காசநோய்ப் பரிசோதனையும் இலவசம், மருந்தும் இலவசம். சளியில் ரத்தம், மூச்சுத்திணறல், ராத்திரி வியர்வை, எடை குறைவது இதில் எது இருந்தாலும் இரண்டு வாரம்கூடக் காத்திருக்க வேண்டாம். எங்கள் தெருவில் ஒருவர் "டெல்லிப் புகைதான்" என்று மூன்று மாதம் என் இலையைக் காய்ச்சிக் குடித்துக்கொண்டிருந்தார். புகை இல்லை, காசநோய். ஆறு மாத மருந்தில் குணமானார். அந்த மூன்று மாதத்தில் எனக்கும் பங்கு உண்டு என்று இன்றும் உறுத்தும்.

கடையில் விற்கும் இருமல் சிரப்பும் இதுவும் ஒன்றுதானா?

உறவு உண்டு. சளியை இளக்கக் கொடுக்கிற புரோம்ஹெக்சின், அம்ப்ராக்சால் என்ற மருந்துகள் வாசிசினை ஆராய்ந்ததிலிருந்து பிறந்தவை. ஆனால் அவை அளந்து செய்த மருந்து. உங்கள் செடியின் இலையில் இன்று எவ்வளவு இருக்கிறது என்று உங்களுக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. அதனால் இரண்டையும் சேர்த்துச் சாப்பிடாதீர்கள். அளவு பார்த்துச் சாப்பிட நினைத்தால் சித்த மருந்துக்கடையில் ஆடாதோடை மணப்பாகு என்ற சிரப் கிடைக்கும்.

மருந்துக்கு வேண்டாம், பூவுக்காக மட்டும் வைக்கலாமா?

தாராளமாக. பிப்ரவரியில் காலை ஏழரை மணிக்கு எங்கள் மதிலோரம் ஊதாத் தேன்சிட்டு வரும். அந்த நேரத்தில் ஆண் சிட்டு வெயில் பட்டால் நீலம், நிழலில் கறுப்பு. பூவின் முன்வாசல் வழியாக வராமல் சில சமயம் அடியில் துளை போட்டே தேனை உறிஞ்சிவிட்டுப் போகும். பக்கத்து வீட்டுப் பிள்ளைகளும் அதையேதான் செய்கிறார்கள்: பூவை இழுத்து அடியைச் சப்புகிறார்கள். தண்டு முழுக்கக் கசக்கும் செடியில் அங்கே ஒரு துளி இனிப்பு.

இந்த வருஷம் குச்சி எப்போது கொடுப்பீர்கள்?

மார்ச் கடைசி ஞாயிறு வெட்டுவேன். பின் கேட் பக்கம் வாளியில் தண்ணீரில் வைத்திருப்பேன், சாய்வாக வெட்டின முனை கீழே. சாயங்காலத்துக்குள் எடுத்துக்கொள்ளுங்கள். ஜூலையில் நட நினைப்பவர்கள் முதல் நல்ல மழைக்கு மறுநாள் போன் செய்யுங்கள், செடியிலிருந்து புதிதாகவே ஒடித்துத் தருகிறேன்.